பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

புனே

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி போய்விட்டதாக அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. நீங்களே உண்மையை எழுதுங்கள்.

ஆபீசில், யூனிக்ஸ் கணினிக்காக எழுதிய ஸ்கிரிப்டுகளை, அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்புகளை, விண்டோஸில் ஓடும்படி மாற்றுகிறேன். போன வாரம் அவற்றை ஓட்டிப் பார்த்தபோது, அவை உண்டாக்க வேண்டிய நூறு கோப்புகளில் பாதியைக் காணோம். பக்கத்து இருக்கை வெற்றிசெல்வன் மேல் சந்தேகம் வந்தது. ஒரத்தநாட்டுக்காரன். இங்கே எனக்குத் தமிழ் பேச அவன் ஒருவன்தான்.

"நீதானடா அழிச்ச?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"மெஷினையும் கொஞ்சம் சந்தேகப்பட்டுப் பாருடா" என்று எழுந்து போனான்.

அவன் சொன்னதுதான் சரி. ஒரே பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்திலும் சின்ன எழுத்திலும் எழுதினால் யூனிக்ஸுக்கு அது இரண்டு கோப்பு. விண்டோஸுக்கு ஒன்றுதான். அதனால் இரண்டாவது வந்து முதலாவதை அழித்துவிட்டது. தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? கணினி படித்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

கோப்புகளை மீட்டாயிற்று, வேலைக்கு ஆபத்தில்லை. அவன்தான் நான்கு நாளாக வேறு மேசையில் சாப்பிடுகிறான். வேண்டுமென்றே என் கண்ணில் படும்படி உட்காருகிறான் என்று நினைக்கிறேன்.

மேலாளர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. அம்மாவிடம் சொல்லி மோர்மிளகாய் அனுப்புங்கள், இரண்டு பேருக்குப் போதுகிற அளவு.

உங்கள் மகன்,
இளம்பரிதி