கறுத்த கண்ணாடி இழை

ஒக்டோபர் 14, செவ்வாய்.

இன்று புற்றுநோய்க் கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார்: "வசந்திக்கு இனிக் கதிரை நிப்பாட்டுவம். உடம்பு தாங்காது. வீட்டில சந்தோஷமா வச்சிருங்கோ."

என் மனைவி வசந்தி உடனே கேட்டாள்: "கதிரை எடுத்துப்போட்டா நான் எங்க டொக்டர் இருக்கிறது?"

டொக்டர் தான் உட்கார்ந்திருந்த கதிரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பகிடிக்குப் பேர்போன எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்து, எப்போதும் வரும் கம்பளைக்காரி தன் சம்பந்தியை வாயால் கிழித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கதை கேட்கவே நான் வழக்கமாக நேரத்தோடு போய்விடுவேன். இன்று ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

வீடு திரும்பும் வழியில், பேராதனை நெரிசலில் பஸ் நின்றபோது வசந்தி கேட்டாள்: "என்னப்பா, உங்கட இழை எப்பிடி?"

எங்கள் ஆய்வுகூடத்தில் மயிரளவு கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்பிக் கதிர்வீச்சை அளக்கிறோம். மனிதர் நிற்க முடியாத இடத்திலும் அது நிற்கும். நிற்க நிற்க அதுவே கறுத்து, உள்ளே ஒளி குறைந்துபோகும்.

"கறுத்துப் போச்சுது. இப்ப கதிர் படாமல் ஆற வச்சிருக்கிறம்."

"ஆறினாத் தெளியுமோ?"

"கொஞ்சம் தெளியும்."

"கொஞ்சம்தானோ?"

"முழுசாத் தெளியும்" என்றேன். முழுதாகத் தெளிந்த ஓர் இழையை நான் இன்றுவரை கண்டதில்லை.

இருபது வருடமாக நான் இந்தக் கதையை எடுத்தாலே கொட்டாவி விடுகிறவள், "இன்னும் சொல்லுங்கோ" என்றாள். கெலிஓயாவில் இறங்கும்வரை பொய் பொய்யாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.