நடு உறுப்புகள் கழியவில்லை

1986 மார்ச் 11, செவ்வாய். பிற்பகல் 4.10. தையல் ஒன்பது.

மழை. கிள்ளான் ஆஸ்பத்திரி வராந்தா. சேகர் அண்ணன் தலையில், இடது காதுக்கு மேலே. காலையில் போர்ட் கிள்ளான் கிடங்கு வாசலில் அடி. அடித்தவன் மாணிக்கம், பச்சை லோரிக் கம்பெனி டிரைவர். ஆயுதம்: ஜாக்கி கம்பி.

காரணம் டின். அந்த வாசலில் லோரிகளுக்கு முன்பே காலி பால் டின்கள் வரிசையில் நிற்கும். டிரைவர் தன் டின்னைச் சாலையோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவான். டின் நிற்கிற இடம் அவன் இடம். அண்ணன் டின்னில் மாணிக்கம் கை வைத்தானாம். கேட்டதற்கு அடித்தானாம்.

அம்மா: "ஒரு பால் டின்னுக்கா தலையப் பொளப்பான்?"

முத்து (அண்ணனோடு லோரி ஓட்டுபவன்): "வியாழக்கிழமை பாத்துக்கலாம் ஆன்டி. ஒன்னுக்கு ஒன்னு, கணக்கு முடிஞ்சிரும்." என் பக்கம் திரும்பி: "நீ வர வேணாம் லா. சாக்பீஸ் புடிக்கிற கை."

பல்லைக் கடித்ததில் தாடை இன்னும் வலி.

வெள்ளி 10 மணி செமினார். அது தேறினால்தான் எம்.எஸ்சி. ஆய்வேடு. துணைத்தேற்றம் (து.தே.) 4 பாதியில் நிற்கிறது. கடைசி பஸ்ஸுக்கு முன் கிளம்ப வேண்டும்.

மார்ச் 12, புதன்

பிரிக்ஃபீல்ட்ஸ் அறை. வெக்கை. விசிறி செத்துவிட்டது, உதைத்தேன், பிளேடு வளைந்தது.

நாள் முழுக்க நீ.மா. (நீள்வட்ட மாடியூல்). அறைத் தோழன் தேவா: "நீள்வட்டமா? படம் போட்டுக் காட்டு." படம் இல்லை. வளைவரையே இல்லை. முழு எண்களின் இடத்தில் t-இன் பல்லுறுப்புக் கோவைகள். நீள்வட்ட வளைவரையின் புள்ளிகளை எண் பெருக்குவது போல, இங்கே வெறும் கூட்டல் குலத்தின் மீது t வேலை செய்கிறது. வளைவு இல்லாமலே வளைவு செய்கிற வேலையெல்லாம் நடக்கிறது.

தேவா: "அப்ப, முதலாளி இல்லாத கம்பெனி."

முட்டாள். ஆனால் தப்பில்லை.

t-இன் செயல்: θ + gτ + Δτ². θ என்றால் θ-ஆல் பெருக்கு, τ என்றால் வர்க்கமாக்கு. நான் எடுத்துக்கொண்ட அடிக்களத்தில் 0, 1 மட்டும் (θ, g, Δ அதைவிடப் பெரிய களத்தில்). அங்கே 1 + 1 = 0. ஒரே உறுப்பு இரண்டு முறை வந்தால் இரண்டும் போய்விடும். அதற்காகவே எடுத்தேன்.

பக்கம் 23. t-ஐ இரண்டு முறை செலுத்தினேன். நடுவில் ஜோடி ஜோடியாக உறுப்புகள். ஒவ்வொரு ஜோடியாக வெட்டினேன். பேனா காகிதத்தைக் கிழித்தது. து.தே. 4 மூன்று வரியில் முடிந்தது. இவ்வளவு சுலபமா? சுலபம்தான்.

மாலை கீழ்க்கடை போனில் முத்து.
"நாளைக்கு அஞ்சு மணி. கூப்பிடல, தகவல் சொல்றேன்."
"வரேன்."
"எதுக்கு, ஃபார்முலா சொல்லவா?"
போனை வைத்த வேகத்தில் கடைக்காரர் முறைத்தார்.

வாங்க: சோப்பு, நீல மை, கிராஃப் தாள்.

மார்ச் 13, வியாழன்

சட்டையை ஊறப்போட்டிருக்கிறேன். தண்ணீர் இளஞ்சிவப்பு.

கிடங்குக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை. அண்ணன் கட்டுப்போட்ட தலையோடு லோரியிலேயே. உள்ளே போனது முத்துவும் நானும். லோரியிலிருந்து எடுத்த ஜாக்கி கம்பி என் கையில். மாணிக்கம் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் நினைத்ததைவிட வயது. ஐம்பது இருக்கும். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் சாடை.

"தம்பி, ஒங்க அண்ணன்கிட்ட மொதல்ல கேளு, அந்த டின்ன..."

கம்பியை இறக்கினேன். வலது மணிக்கட்டு. பென்சில் பெட்டியை மிதித்தது போலச் சத்தம். பிறகு முழங்கால். மேசைக்கு அடியில் போனான், தட்டு அவன் மேலே, தலைமுடியில் மீ நூடுல்ஸ். அப்புறமும் இரண்டோ மூன்றோ. முத்துவே என் இடுப்பைப் பிடித்து இழுத்தான். "போதும்டா, செத்துருவான்." கடையில் ஒருவரும் எழவில்லை.

நன்றாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டே பொய்.

லோரியில் அண்ணன் என் தோளைத் தட்டினார். "முடிஞ்சது லா." 1 + 1 = 0.

வலது கை வீங்குகிறது. கம்பியின் அதிர்வு.

மார்ச் 14, வெள்ளி

செமினார். சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை, இடது கையால் எழுதினேன். பக்கம் 23 வந்ததும் டாக்டர் பத்மா கையை உயர்த்தினார். என் மேற்பார்வையாளர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், குரல் உயர்த்தியே கேட்டதில்லை.

"பொறும் தம்பி. முதல் θ-ஆல பெருக்கிப் பிறகு வர்க்கமாக்கிறதும், வர்க்கமாக்கிப் பிறகு பெருக்கிறதும் ஒண்டோ?"
"இல்லை."
"அப்ப ரெண்டையும் ஒண்டெண்டு எடுத்து ஏன் வெட்டினீர்?"

பலகையைப் பார்த்தேன். ஒன்று θgτ. மற்றது gτθ, அதாவது gθ²τ. ஜோடியே இல்லை. τ-வை இடம் மாற்றினால் θ வர்க்கமாகிவிடும். இது இந்தப் பாடத்தின் முதல் பக்கம். நானே ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒரே எழுத்துகள் தெரிந்தன, வெட்டிவிட்டேன். எது முன், எது பின் என்று பார்க்கவில்லை.

"நடு உறுப்புகள் கழியேல்ல. அப்பிடியே நிக்குது." பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். டாக்டர் பத்மா: "என்ன அவசரம் உமக்கு?"

து.தே. 4 செத்தது. 23-க்குப் பிறகு உள்ள அத்தனையும் செத்தது. திருத்திக்கொண்டு வரச் சொன்னார்.

வெளியே வரும்போது: "கையில என்ன?"
"கதவு."
அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

மாடிப்படியில் குப்பைத்தொட்டியை உதைத்து உருட்டினேன். பிறகு நானே எடுத்து வைத்தேன்.

மார்ச் 15, சனி

கிள்ளான் வீடு. மேகம், மழை இல்லை.

காலை ஏழுக்குப் பச்சைக் கம்பெனி ஆட்கள். சங்கிலி, கட்டை. முன் ஜன்னல் இரண்டும் போயின. அம்மா ஓடிவந்து கண்ணாடியை மிதித்தார், உள்ளங்கால் நீளத்துக்குக் கிழிசல். வாசல் கேட் அருகே மாணிக்கத்தின் மகன். என் வயது. கத்தவில்லை, அழுதுகொண்டே பேசினான்.

"எங்கப்பாவுக்கு வலது கை போச்சு. இனி ஸ்டியரிங் புடிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. டின்ன மாத்தி வெச்சது யாருன்னு ஒங்கண்ணன கேளு."

அவர்கள் போன பிறகு கேட்டேன். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவன் டின்னு முன்னால, என்னுது பின்னால. மாத்தி வெச்சேன். அடுத்தடுத்துதானே, என்ன பெருசா?"
"அப்புறம்?"
"திருப்பி வெச்சான். ஒன்னு விட்டேன்."
"நீயா மொதல்ல?"
"வெறுங்கை லா. அவன்தான் கம்பி எடுத்தான்."
"ஏன் சொல்லல?"
"நீ எங்க கேட்ட?"

அண்ணன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். தலைக்கட்டுத் துணியில் சிவப்பு பரவியது. அம்மா நொண்டிக்கொண்டு நடுவில் வந்து என் கன்னத்தில் அறைந்தார், ரத்தப் பாதத்தோடு. தரையெல்லாம் அரைப் பாதங்கள்.

அண்ணனிடம் கேளு என்றார் மாணிக்கம். அவர் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். அதையும் முடிக்க விடவில்லை.

தையல், மணிக்கட்டு, அம்மாவின் கால். ஒன்று இன்னொன்றைக் கழிக்கவில்லை. அத்தனையும் அப்படியே நிற்கின்றன.

இனி:

1. ஆஸ்பத்திரி. மாணிக்கம் அவர்களைப் பார்ப்பது. வியாழக்கிழமை சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லச் சொல்வது. குறுக்கே பேசாமல் கேட்பது.
2. மகன் அடித்தால் வாங்கிக்கொள்வது. அதனால் எதுவும் சரியாகாது என்று தெரிந்தே.
3. போலீஸ் பாலாய் போய்ச் சரணடைவது. கம்பியோடு. இதை முதலில் செய்தால் உள்ளே வைத்துவிடுவார்கள், 1 நடக்காது. அதனால் வரிசை இதுதான்.
4. பக்கம் 23. எதையும் வெட்டாமல், முதல் வரியிலிருந்து. உள்ளே பேனா கொடுத்தால்.