செல்லத்தின் கால்

18-1-1958, சனிக்கிழமை

இன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதப் போகிறேன், என் கோபம் உட்பட.

தங்கை செல்லத்துக்கு இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிவிட்டது. திங்கட்கிழமை அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். மத்தியானம் எரியோட்டிலிருந்து அத்தை வந்தாள். எல்லாம் கெட்டது.

"போன பிறவியில யாரையோ எட்டி உதைச்சிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா வினை தீருமா தம்பி? பூசத்துக்குப் பழனிக்குக் கூட்டிட்டு வா. அம்புட்டுப் படியும் அவளே ஏறட்டும், கழிஞ்சிரும்" என்றாள்.

"நீங்களும் ஏறுவீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"மூட்டுவலியோட நான் எங்கிட்டு ஏற? டோலியிலதான்."

"உங்க மூட்டு யாரை உதைச்சுச்சு?"

"வாயப் பாரு! எனக்கு முருகன் வைக்கிறது சோதனைடி. பக்தி முத்த முத்த வலியும் கூடும்."

அவளுக்கு வந்தால் சோதனை, செல்லத்துக்கு வந்தால் பாவம். நான் படித்த எந்தப் புராணத்திலும் இப்படி இல்லை. அப்பா என்னை அதட்டிவிட்டு, "சரிக்கா, ஆஸ்பத்திரி பூசம் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்றார். அத்தை மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவளைப் பிடிக்கவில்லை. இன்று முருகனையும் பிடிக்கவில்லை.

இப்போது பாயில் படுத்துக்கொண்டு செல்லம் கேட்கிறாள்: "அக்கா, நான் உதைச்சது யாரை? அவங்ககிட்டயே மன்னிப்புக் கேட்டுக்கிறேனே."

அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும். கூடத்து விளக்கை அணைத்துவிட்டார்.