மை குடிக்காத பேனா

பாளையங்கோட்டை,
1916ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 12ந் தேதி

ரங்கூனில் இருக்கும் என் பிரியமுள்ள மகன் பாக்கியசீலனுக்கு உன் அம்மா சாலோமி ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதவேண்டிய இடம் இது, எழுதாமல் விட்டால் நீ பயந்துபோவாய், எழுதினாலோ அது பொய். அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், ஞாயிற்றுக்கிழமை வேஷ்டி மாற்றிக்கொண்டு என்னோடு கோயிலுக்கும் வருகிறார். எனக்கு முழங்கால் வலி பழையபடிதான். இதையெல்லாம் சுகம் என்று எடுத்துக்கொள்ள உன் மனசு இடம் கொடுத்தால் அப்படியே எடுத்துக்கொள். நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன், அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

உன் தங்கை யூனிஸுக்கு உபாத்தியாயினி வேலை நிலைத்துவிட்டது, நீ மாதாமாதம் அனுப்பியதால்தான் அவள் படித்தாள், அதை நான் மறக்கவில்லை. அவள் விடுமுறைக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டு, வீடு வீடாக இல்லை அம்மா என்று அழுதுவிட்டுப் போனாள். மலையில் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் கலங்கலாகப் போகிறது. சண்டையினால் கடையில் எல்லாம் யானை விலை, சீமையிலிருந்து வருகிற பேனா முள் கிடைப்பதே இல்லை, கிடைத்தாலும் இப்போது அதை வைத்து நாங்கள் என்ன செய்யப்போகிறோம். நம் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. அது எந்நேரமும் அறுத்துக்கொண்டு ஓடுகிறதென்று அப்பா அதற்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறார், என்ன கயிறு தெரியுமா, தாம் பேனா கடைகிற கடைசல் பட்டறையிலிருந்து அவிழ்த்த கயிறு. கட்டை சுழல நான் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இழுத்த கயிறு. இதை வாசிக்கும்போதே உனக்குப் புரிந்திருக்கும், பட்டறை நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று நீ கேட்பாயோ கேட்கமாட்டாயோ, நான் சொல்லிவிடுகிறேன். ஜில்லாக் கோர்ட்டு சிரஸ்தார் காந்திமதிநாத பிள்ளை போன மாதம் உத்தியோகத்திலிருந்து விலகிக்கொண்டார். அதற்கு வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் வக்கீல்மாரையும் பெரிய மனிதரையும் அழைத்து ஒரு விருந்து. அப்பாவையும் ஆள் அனுப்பி அழைத்தார். பேனாக்களை வைக்கவென்றே கண்ணாடி போட்ட தேக்கு பீரோ ஒன்று செய்திருக்கிறாராம், ஒவ்வொரு பேனாவும் என்ன மரம், எப்படிக் கடைந்தது என்று வந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல செய்தவரே வரவேண்டுமாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்து வெயிலில் போடச் சொன்னார், பொத்தான் பூட்ட எட்டவில்லை, அதற்கும் என்னைத்தான் திட்டினார். இத்தனை வருஷம் பேனா கடைந்ததற்கு இந்த ஊரில் ஒருவராவது சபை கூட்டிப் பேசுகிறாரே என்று எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க.

அந்தப் பிள்ளைவாளையும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேனா என்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே இது புளி, இது ஈட்டி, இது கருங்காலி என்று சொல்வார். விரல் படுகிற இடத்தில் அப்பா ஒரு மயிரிழை ஒடுக்கிக் கடைவாரே, அதை அவர் ஒருவர்தான் தொட்டுக் கண்டுபிடித்தார், எழுதுகிறவர்கள் யாரும் கவனித்ததில்லை. கோயிலில் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு அப்பா வருஷம் தவறாமல் ஒரு பேனா ஏலத்துக்குக் கொடுப்பார் அல்லவா, எந்த வருஷமும் அதை அவர் ஆள்தான் எடுப்பான். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. மை படாத பேனா ஒன்று வேண்டும். அப்பாவோ கடைந்து அரக்கு ஏற்றித் தாழை மடலால் தேய்த்து முடித்ததும் முள்ளைச் செருகி மையில் தோய்த்து, வாங்குகிறவர் பேரை முதலில் தம் கையால் எழுதிப் பார்க்காமல் எந்தப் பேனாவையும் வாசல் தாண்ட விடமாட்டார். முள் வழியாக ஏறிய மை கட்டையின் வாயில் ஒரு கறையாக நின்றுவிடும், அது பிள்ளைவாளுக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. எத்தனையோ தடவை நயந்து கேட்டுப் பார்த்தார். எழுதினா அது வெறும் பேனாதான் வே, எழுதாம இருக்கிற வரைக்கும்தான் அது உம்ம கைவேலை, தேவசிகாமணி கைவேலை என்பார். அப்பா சிரித்துக்கொண்டே, பேர் எழுதாத பேனா பேர் வைக்காத பிள்ளைல்லா ஐயா, அத எப்படி வெளிய அனுப்புறது என்று தட்டிவிடுவார். இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்கள் பேசும்போதெல்லாம் நீ பட்டறையில்தான் இருந்தாய்.

ஒரே ஒரு பேனாதான் மை குடிக்காமல் நம் வாசலைத் தாண்டிப் போனது. நீ கப்பல் ஏறுவதற்காக அவர் செய்தது. ராதாபுரத்தில் உன் அத்தை வீட்டுக் காட்டில் விழுந்த கிழட்டுப் பனையின் வைரம் பாய்ந்த கட்டையை வாங்கி வந்து, எண்ணெயில் ஊறப்போட்டு, அது சிம்பு சிம்பாகத் தெறித்து உள்ளங்கையெல்லாம் கிழித்தும் விடாமல் கடைந்தார். கயிறு இழுத்த எனக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது, பைய இழு, பைய இழு என்று ஒரே அதட்டல். கறுப்பில் தேன்நிறக் கோடு ஓட அது உருண்டு வந்தபோது மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பேர் எழுதுங்கள் என்று நீயே மைக்கூட்டை எடுத்துக் கொடுத்தாய். வேண்டாம்லே, இதுக்கு முதல் மை நீதான் ஊட்டணும், அக்கரையில இறங்கி வீட்டுக்கு எழுதுத முதல் கடுதாசி இதுலதான் வரணும், உன் பேர நீயே எழுதி வை என்று சொல்லி, ஆயுசில் ஒருதரம் தம் வழக்கத்தை உனக்காக விட்டுக்கொடுத்தார்.

உன் முதல் கடிதம் ஊதாப் பென்சிலில் வந்தது. இரண்டாவதும் பென்சில்தான். நான் கேட்டதற்கு அப்பா, அங்கன மழை ஓயாதுல்லா, மை ஊறிப்போகும், அதான் பென்சில்ல எழுதுதான் என்றார். பிறகு நீ வேலை பார்க்கிற ஆலையில் மையை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றார். பிறகு பேனா தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருப்பான், கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட எடுப்பான் என்றார். உனக்காக அவர் சொன்ன சமாதானங்களை எல்லாம் எழுதினால் காகிதம் போதாது. இனிமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

பிள்ளைவாள் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கடைசியாக நடுத்தட்டில் பட்டுத்துணி விரித்து வைத்திருந்ததை எடுத்தாராம். அந்தப் பனை வைரம். மையே தொடாதது ஊர் உலகத்தில் இது ஒண்ணுதான், உம்ம மகன் தந்ததுதானவே, நீரே வந்தவங்களுக்குச் சொல்லும் என்று சபையில் அப்பா கையில் கொடுத்தாராம். அவர் கேலியாகச் செய்யவில்லை சீலா, அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார். பிற்பாடு நம் வாசலில் வந்து நின்று என்னிடம் சொன்னார், நான் கேக்கல தாயி, கப்பல் ஏறுறதுக்கு முன்னால உங்க பையன்தான், ரங்கூன் ஆலையில மானேஜரா இருக்கிற என் மைத்துனனுக்கு ஒரு சிபார்சு வேணும்னு வந்தான், அவனாத்தான் இத மேசையில வச்சான், அப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன், தெரியும்னான் என்று.

உத்தியோகத்துக்காகக் கொடுத்தாய், எனக்குப் புரிகிறது. வேறு எந்தப் பேனாவைக் கொடுத்திருந்தாலும் அவர் அசைந்திருக்கமாட்டார், அதுவும் புரிகிறது. அப்பாவிடம் கேட்டிருந்தால் ராத்தூக்கம் இல்லாமல் கடைந்து நல்லதாக ஒன்று கொடுத்திருப்பார், ஆனால் அது மை குடித்ததாக இருந்திருக்கும். அந்த மனிதருக்கு என்ன ஆசை என்று தெரிந்து, உன் அப்பா உனக்காக மட்டும் எதை விட்டுக்கொடுத்தாரோ அதையே எடுத்துக்கொண்டுபோய் வைத்திருக்கிறாய். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எங்கிருந்து வந்தது என்று நினைத்து நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த உத்தியோகத்துச் சோற்றைத்தான் நாங்களும் தின்றோம் என்று நினைத்தால் கோபப்படவும் வாயில்லை.

அப்பா அங்கே என்ன செய்தார் என்பதைக் கேள். சத்தம் போடவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முள்ளும் மைக்கூடும் தரச் சொன்னாராம். முள்ளைச் செருகி, மையில் தோய்த்து, அங்கே கிடந்த ஒரு காகிதத்தில் காந்திமதிநாத பிள்ளை அவர்கள் என்று தம்முடைய முத்து முத்தான எழுத்தில் எழுதி, ஊதி உலர்த்தி, முள்ளைத் துடைத்துப் பேனாவையும் காகிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, இது உங்க பேனா ஐயா, பேர் எழுதாம இருந்துட்டுது, இப்ப சரியாப் போச்சு என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். இவ்வளவையும் அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, கோட்டைக் கழற்றிக்கொண்டே. நான் அழுததற்கு, எதுக்கு அழுதே, வழக்கந்தான என்றார். மறுநாள் காலையில்தான் பட்டறைக் கயிற்றை அவிழ்த்தார்.

பிள்ளைவாள் வந்தார் என்றேனே, அந்தப் பேனாவையும் கொண்டுவந்திருந்தார். முகம் வாடிப்போயிருந்தது. பீரோவுக்குள்ள வைக்கவும் முடியல, எடுத்து எழுதவும் கை வரல, பையனுக்கே தபால்ல அனுப்பிருதேன் என்று மன்றாடினார். அப்பா வெளியே வந்து மரியாதையாக, அதுல உங்க பேர் எழுதியாச்சு ஐயா, ஒரு பேனாவுக்கு ரெண்டு பேர் வைக்கிறதில்ல என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டார். அந்தப் பெரிய மனிதர் வெயிலில் குடையை விரிக்காமலே நடந்துபோனதைப் பார்த்தேன். இந்த வருஷம் அசனப் பண்டிகை ஏலத்தில் அப்பா பேனா இல்லை. பாதிரி ஐயர் கேட்டதற்குக் கண் மங்கிவிட்டது என்று சொன்னார். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது.

அந்தப் பனை வைரத்தில் மிச்சம் ஒரு துண்டு இருக்கிறது. இன்னொரு பேனாவுக்குத் தாராளமாக வரும். நான் அதைத் துடைத்து அவர் முன்னால் வைத்து, நானே கயிறு இழுக்கிறேன், முழங்கால் போனால் போகிறது, பிள்ளைக்கு ஒன்று கடைந்து அனுப்புங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். கட்டையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார், அந்த ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. பிறகு அதைக் கொண்டுபோய்க் கொல்லைக் கதவுக்கு முட்டாக வைத்துவிட்டார். அங்கேதான் கிடக்கிறது.

உன்னை வா என்று எழுத நினைத்தேன். சண்டை நடக்கிற கடலில் நீ கப்பல் ஏறவேண்டாம், ஏறி வந்தாலும் அவர் உன்னோடு பேசமாட்டார் என்று சொல்லவில்லை, பேசுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அதை நீ தாங்கமாட்டாய். மன்னிப்புக் கேட்டு எழுது என்று சொல்லலாம், ஆனால் உன் போன கடிதத்தை அவர் பிரிக்கவே இல்லை, என்னிடம் கொடுத்துவிட்டார். ஆகையால் என்ன செய்யவேண்டும் என்று எனக்கே தெரியாமல்தான் எழுதுகிறேன். ஜெபம் பண்ணு என்று வழக்கமாக எழுதுவேன், பண்ணு. எனக்கு இப்போதெல்லாம் ஜெபத்தில் வார்த்தை வருவதில்லை, வெறுமனே முழங்காலில் நிற்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ட தண்ணீரைக் குடிக்காதே, காய்ச்சிக் குடி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் அம்மாவின் ஆசீர்வாதம் எந்நாளும் உன்னோடு இருக்கும், கோபமும் கொஞ்சநாள் இருக்கும், இரண்டையும் வைத்துக்கொள். ஒன்று மறக்காதே, இனிப் பென்சிலில் எழுதாதே, கடையில் விற்கிற மட்டமான பேனாவானாலும் மையில் எழுது. உனக்கு நான் எழுதுகிற கடிதங்களுக்கு மேல்விலாசம் எப்போதும் அப்பாதான் எழுதுவார், இந்தத் தடவை அது என் கோணல் எழுத்தில் இருப்பதைப் பார்த்து அவருக்கு என்னமோ ஏதோ என்று பதறாதே. அவன் பேரையாவது எழுதுங்கள் என்று பேனாவை மையில் தோய்த்து அவர் கையில் கொடுத்தேன். உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முள்ளைத் துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாலோமி தேவசிகாமணி