ஐந்தரைக் கட்டை

ஏப்ரல் 22, 1928. சிகாமட்

கயிறு இழுத்தேன், படுதா ஏறியது. கயிற்றை விட்டேன், படுதா இறங்கியது. எட்டு நாளில் நான் கற்ற நாடகக் கலை இவ்வளவுதான். சிங்கப்பூர் நாடக சபையில் இரண்டு வருஷம் அபிநயமும் வசனமும் படித்தவனுக்கு மலாயாவுக்கு வந்திருக்கும் மதுரை நாடகக் கம்பெனி கொடுத்த வேஷம் இது. வகுப்பு மறுபடி திறக்க ஆகஸ்ட் ஆகும். அதுவரை இங்கேதான்.

ஐயாசாமி அண்ணன்தான் கம்பெனி முதலாளி, அவரே ராஜபார்ட். இன்று துணிந்து அவரிடம் வேஷம் கேட்டேன். “படிப்பெல்லாம் சரிதான் தம்பி. தொண்டை தாங்குமா?” என்றார். தாங்கும் என்று சொல்லியிருக்கலாம். படுதாக் கயிற்றைப் பிடிக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 30

சேனை வீரர் நால்வரில் ஒருவனாக நின்றேன். கையில் ஈட்டி. ஈட்டி என்னைவிட நன்றாக நடித்தது.

மே 9

இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். முதலில் பாடிக்கொண்டு மேடைக்கு வருகிறவர் எந்தச் சுருதியில் தொடங்குகிறாரோ, நாடகம் முடியும்வரை எல்லோருக்கும் அதுதான். எட்டாதவர், இறக்கச் சொல்லி ஆர்மோனியக்காரர் கபீர் பாய்க்குக் கையைத் தாழ்த்திக் காட்டலாம். யாரும் காட்டுவதில்லை. காட்டினால் தோற்றுப்போனதாக அர்த்தம். ஜனங்கள் சீட்டியடித்தே விரட்டிவிடுவார்கள்.

ஸ்திரீபார்ட் புஷ்பவள்ளி ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறாள். ஐயாசாமி அண்ணனும் அதிலேயே நின்று பாடுகிறார். நானோ சபையில் மூன்று கட்டையைத் தாண்டியதில்லை. குரல் இனிமை என்பார்கள். இனிமையாம்! தகரக் கொட்டகையில் மழை அடிக்கும்போது இனிமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆற்றங்கரைக்குப் போய் நாலு கட்டையில் பாடிப் பார்த்தேன். மேய்ந்துகொண்டிருந்த எருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தள்ளிப் போய் மேய்ந்தது.

மே 27

அப்பா ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் வந்திருந்தார். தோட்டத்துத் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி என்ற மரியாதையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். நான் மடித்து வைத்த படுதாக்களையும் பார்த்தார்.

“இதுக்காடா படிக்க வச்சேன்?”

ஐயாசாமி அண்ணன்தான் நடுவில் வந்தார். “ஆனி முடிஞ்சதும் நாங்க பினாங்குல கப்பலேறிருவோம். அதுக்குள்ள ஒரே ஒரு நாடகத்தை ராஜபார்ட்டா முழுசாத் தாங்கிட்டாருன்னா மதுரைக்கே கூட்டிட்டுப் போறேன். இல்லைன்னா உங்க புள்ளைய நீங்க கூட்டிக்கங்க.”

அப்பா சரியென்றார். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் அண்ணன் இருக்கும்போது எனக்கு யார் ராஜபார்ட் கொடுக்கப்போகிறார்கள்? கிணற்றைக் காட்டிக் கயிற்றை மறைத்த கதைதான்.

ஜூன் 11

அண்ணனுக்கு மலேரியாக் காய்ச்சல். பல் கிடுகிடுக்கிறது. நாளைக்கு நான்தான் ராஜா.

சந்தோஷப்பட வேண்டும்.  ஒருவர் காய்ச்சலில் கிடப்பதில் எனக்குச் சந்தோஷமா? ஆமாம், கொஞ்சம் சந்தோஷம்தான். அப்பாவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

ஜூன் 13

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கு வசதியாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

வசனம் நன்றாகப் போனது. இரண்டு இடத்தில் கைதட்டினார்கள். பிறகு புஷ்பவள்ளி பாடிக்கொண்டு வந்தாள் — ஐந்தரைக் கட்டை. அவள் முடித்ததும் நான் எடுக்க வேண்டும். கபீர் பாய் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். நான் கையைக் காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, மோவாயைத் தாழ்த்தி, “எறக்கட்டா?” என்று அவரே கேட்டார்.

இரண்டாவது வரிசையில் அப்பா. நான் மாட்டேன் என்று தலையாட்டினேன்.

பல்லவி எட்டியது. அனுபல்லவியும் எட்டியது. அடடா, நானா பாடுகிறேன் என்றிருந்தது. சரணத்தில் உள்ளே ஏதோ கிழிந்தது. வாயில் உப்புக் கரித்தது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. புஷ்பவள்ளி என் வரிகளையும் தானே பாடிச் சமாளித்தாள். அண்ணன் போர்வையோடு எழுந்து வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாடகத்தையும் பாடி முடித்தார்.

ஜனங்கள் சீட்டியடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

ஜூன் 14

குரல் இல்லை. சிலேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 20

ஆஸ்பத்திரியில் உதவி வைத்தியர் டிரெசர் கண்ணாடி வைத்துத் தொண்டையைப் பார்த்தார். ஒரு மாசம் பேசக்கூடாதாம். பேச்சு வரும், பாட்டு வராது என்றார். எப்போதுமா என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

ஏன் தலையாட்டினேன்? ஏண்டா, ஏன்? ஒரு கட்டை இறக்கினால் தலையா போயிருக்கும்?

ஜூலை 1

புஷ்பவள்ளி கற்கண்டும் மிளகும் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பேச முடியாததால் அவளே பேசினாள்.

“அன்னைக்கு எனக்கும் தொண்டைக் கட்டு தம்பி. அஞ்சரைய எடுத்துட்டு நானே முழிச்சுக்கிட்டு நின்னேன். எடுத்தவளே எறக்குனா மானம் போயிரும்ல? புதுப் பையன்தானே, எறக்கச் சொல்லிருவாரு, நானும் பொழச்சுக்கிரலாம்னு உங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

கற்கண்டில் பாதியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.  

ஜூலை 16

கம்பெனி பினாங்கு ரயிலேறிவிட்டது. அண்ணன் என் தலையில் கை வைத்தார். மதுரைப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 2

வகுப்புக்கு வரவில்லை என்று சபைக்கு எழுதிப் போட்டுவிட்டேன். காரணம் எழுதவில்லை.

செப்டம்பர் 17. தோட்டம்

இன்றிலிருந்து நான் சின்னக் கிராணி. காலைப் பெரட்டில் வேலையாட்கள் வரிசையாக நிற்க, புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிடுவது என் வேலை. நூற்றுப் பதினெட்டுப் பேர்.

கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற பத்துப் பேர் பதில் சொன்னார்கள். அங்கம்மா என்ற பால்வெட்டுக்காரி கையை உயர்த்தினாள். “யாரக் கூப்புடுறீங்க ஐயா? ஒண்ணுமே கேக்கலயே லா.” சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை.

இன்னொரு முறை முயன்றேன். கரகரப்புத்தான் வந்தது. பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரிசைகளுக்குள் நடந்து, ஒவ்வொருவர் எதிரிலும் நின்று பேர் சொன்னேன். குனிந்து காது கொடுத்துக் கேட்டார்கள். முடிவதற்குள் வெயில் வந்துவிட்டது. பால்வெட்டுத் தாமதம் என்று துரை சத்தம் போட்டாராம்.

அப்பா சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நாளையிலேருந்து அரை மணி நேரம் முன்னாடியே பெரட்டு மணி அடிக்கச் சொல்லிட்டேன்.”

என் ஒருவனுக்காக நூற்றுப் பதினெட்டுப் பேரும் இனிமேல் அரை மணி முன்னதாக எழுந்திருக்க வேண்டும்.