முப்பத்தொரு நிலாவும் ஒரு கைப்பையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் உனக்குத் தனிக் கடிதம் போடும், அவ்வளவு குறை அதற்கு. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எப்போது லீவு என்று போன கடிதத்திலேயே கேட்டேன், அந்த வரியை மட்டும் தாண்டிக் குதித்துப் பதில் போட்டிருக்கிறாய், கெட்டிக்காரிதான்.

இங்கே எனக்கு மண்டை காய்கிறது. சினிமாவுக்குப் போனதைப் பற்றி என் எட்டாம் வகுப்பு ஓர் உவமைக் கவிதையாவது எழுதித் தரவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் பள்ளி மலரில் எங்கள் பக்கம் கணக்கு வாத்தியாரின் புதிருக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கண்ணால் பார்த்தால்தானே எழுதுவார்கள் என்று மொத்த வகுப்பையும் பகல் காட்சிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்தொரு நிலா! திரை நிலா போல, கதாநாயகி நிலா போல, ஒருத்தன் இடைவேளையே நிலா போல என்கிறான், ஏன்டா என்றால் பாப்கார்ன் வெள்ளையா இருந்துச்சு டீச்சர் என்கிறான். கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்து, என்ன டீச்சர், உங்க வகுப்புல இன்னும் விடியலையா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வாய் முகூர்த்தம், நான் நிலாவுக்குத் தடை போட்ட மறுநாள் அத்தனை பேரும் சூரியன். கரும்பலகையில் மாதிரிக்கு முதல் நிலாவை ஏற்றியதே நான்தான், இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மிச்சம் ஒருத்தி, கொட்டாவி என்று நான் பேர் வைத்திருக்கும் பெண். படத்தில் தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன், மகராசி படத்தையே பார்க்கவில்லை, என்னைப் பார்த்து எழுதியிருக்கிறாள். "டீச்சர் பக்கத்து சீட்டில் பை வைத்திருந்தார், பஸ்ஸில் யாருக்கோ இடம் பிடித்தது போல. விளக்கு எரிந்ததும் அதைத் தூக்கினார், தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல." என்னோடு சினிமாவுக்கு வந்தால் நீ எப்போதும் உட்காரும் இடப்பக்கத்துச் சீட்டுதான். நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து அங்கே பை வைக்கிறேன் என்று எனக்கே தெரியாது, இவளுக்குத் தெரிந்திருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன், திருத்த ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை, அந்த எரிச்சல் வேறு. பக்கம் புதிருக்கே போய்த் தொலையட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனாலும் அவள் கவிதையை மலருக்குக் கொடுத்துவிட்டேன், இனிப் பள்ளிக்கூடமே என் பையைப் பார்த்துச் சிரிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஒரு குறையும் இல்லாமல் நல்லா இரு கண்ணு. லீவு தேதியை மட்டும் ஒரு வரி எழுது, பையைக் கீழே வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இடம் பிடித்துக்கொண்டிருக்கும்
அம்மா