மடிப்பில் வைக்காத கடிதம்

சிஸ்டர்,

இன்று காலை, கோயிலில் முதல் நன்மை வாங்கப்போகும் சிறுமியின் உடுப்பொன்று நீளம் கூட்டுவதற்காக என்னிடம் வந்தது. கீழ் மடிப்பைப் பிரிக்கும்போது உங்கள் சாம்பல் நிற அங்கி நினைவுக்கு வந்துவிட்டது. அதன் மடிப்பில் மட்டும் நீங்கள் என்னைக் கை வைக்க விடவில்லை.

பள்ளிமுனையில் எங்களுக்கு நீங்கள் மருந்துச் சிஸ்டர். போலந்துக்காரக் கன்னியாஸ்திரி என்பதற்குமேல் ஒன்றும் தெரியாது. சண்டையில் பாதை மூடி, என் கணவர் நானாட்டான் பக்கம் அகப்பட்டு நான்கு மாதமாகியிருந்தது. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. மருந்தோடு அங்கே போய்வர உங்களுக்குத்தான் அனுமதி இருந்தது. கடிதத்தை உங்கள் அங்கி மடிப்பில் வைத்துத் தைத்துவிடுகிறேன், எந்தச் சோதனைச் சாவடியிலும் பிடிபடாது என்று தொழில் பெருமையோடு சொன்னேன்.

"மடிப்பைத்தான் பிள்ளை முதல்ல பிரிச்சுப் பாப்பினம்" என்றீர்கள்.

பிறகு கதிரையில் உட்கார்ந்து, மருந்து குடிக்கும் முறை சொல்கிற அதே குரலில் மிச்சத்தையும் சொன்னீர்கள். ஜெர்மன் படை உங்கள் ஊரைப் பிடித்திருந்த காலத்தில், பத்தொன்பது வயதில், உளவு வேலை செய்திருக்கிறீர்கள். ரயில்களில் என்ன ஏற்றுகிறார்கள் என்று பார்த்து, மனதில் பதித்துப் போய்ச் சொல்வீர்களாம். ஒரேயொரு தரம் மனதில் பதிக்கப் பஞ்சிப்பட்டு, தாளில் எழுதி, தோழியின் கோட்டு மடிப்பில் தைத்துக் கொடுத்துவிட்டீர்கள். அவள் திரும்பி வரவில்லை.

"வாசியுங்கோ. நான் மனசில பாடமாக்குறன்."

தையல் மெசினை விற்கட்டுமா என்று அதில் கேட்டிருந்தேன். மூன்று தரம் வாசித்தேன். ஒரு வரியை வெட்கத்தில் விழுங்கினேன். அதையும் கேட்டு வாங்கினீர்கள். பிறகு தாளை அடுப்பில் போட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம்கூட வந்தது.

எட்டாம் நாள் திரும்பி வந்து, வாசலில் நின்றே அவருடைய பதிலை ஒப்புவித்தீர்கள். "மெசினை விக்காதையும். இதில இருமினவர். நான் வாறன்."

அந்த இருமலைச் சொன்ன பிறகுதான் நம்பினேன். இருமாமல் அவருக்கு ஒரு பேச்சு முடியாது. உங்கள் தோளில் சாய்ந்து அழுதேன்.

அவர் வரவில்லை. ஏன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

கடைசிக் காலத்தில், மடத்துக் கட்டிலில், உங்களுக்கு என் பெயர் மறந்துவிட்டது. தமிழும் பெரும்பாலும் போய்விட்டது. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என் முகத்தை நெடுநேரம் பார்த்தீர்கள்.

"மெசினை விக்காதையும். இதில இருமினவர். நான் வாறன்."

சிஸ்டர், அதைத் தாளில் எழுதுவது இதுதான் முதல் தரம். இந்த மடலையும் இப்போது அடுப்பில் போடப் போகிறேன். மெசின் இருக்கிறது. மற்றது எனக்குப் பாடம்.